அந்த வாக்கு என்னுடையதுதானா?

கேள்வி: எனக்கு 26 வயது. நான் வாக்களித்த இரண்டாவது தேர்தல் இது. பிரசாரம் சூடுபிடிப்பதற்கு முன்பே இரண்டு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளையும் உட்கார்ந்து படித்தேன். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும்தான் எனக்கு முக்கியம் என்று தீர்மானித்து, அதன்படி ஒரு வேட்பாளரை மனதில் குறித்து வைத்திருந்தேன். கடைசிப் பத்து நாள் கைபேசியைத் திறந்தாலே ஒரே விளம்பரம். இரவு நேரம், விளக்கில்லாத தெரு, தனியாக நடந்து வரும் ஒரு பெண், பின்னால் காலடிச் சத்தம். முடிவில் மற்றொரு கட்சியின் சின்னம். வாக்குச்சாவடிக்குள் நின்றபோது அந்தக் காலடிச் சத்தம்தான் காதில் கேட்டது. அந்தக் கட்சிக்கே வாக்களித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், பெண்கள் பாதுகாப்புக்காக அவர்கள் என்ன செய்வதாகச் சொன்னார்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "விளம்பரத்துக்கு யார் அதிகம் பணம் இறக்குகிறார்களோ அவர்கள்தான் ஜெயிப்பார்கள், இதில் நீ வருத்தப்பட என்ன இருக்கிறது" என்றார். தம்பியோ, "விளம்பரம் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள், என்னிடம் அதெல்லாம் நடக்காது" என்கிறான். நான் ஏமாந்துவிட்டேனா? அந்த வாக்கு என்னுடையதுதானா? அடுத்த தேர்தலில் என்ன செய்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தேர்தல் முடிந்ததும் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, எந்தக் கட்சியின் விளம்பரம் பொய் சொன்னது என்று கேட்பவை. நீங்கள் உங்களையே கேட்டுக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். மக்கள் கருத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இப்படியொரு கடிதம் மிகவும் முக்கியமானது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனச்சுமையை இறக்கி வைக்கிறேன். அந்த வாக்கு உங்களுடையதுதான். இரவில் தனியாக நடக்கும் பயம் அந்த விளம்பரம் உங்களுக்குள் புதிதாகக் கொண்டுவந்து வைத்ததில்லை, அது ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் உங்களுக்கு ஒன்று நடந்திருக்கிறது. 'ஏமாந்தேன்' என்ற சொல் அதைச் சரியாகச் சொல்லவில்லை. அது என்ன என்று சொல்வதற்கு முன் அம்மாவும் தம்பியும் சொன்னதைப் பார்த்துவிடுவோம். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது, இரண்டு பேரும் முக்கியமான இடத்தில் தவறுகிறார்கள்.

அம்மாவின் கருத்து மிகப் பழையது. வானொலி வந்த காலத்தில் அறிஞர்களே அப்படித்தான் அஞ்சினார்கள். 1940இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஈரி என்ற மாவட்டத்துக்கு சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் போனார்கள். ஒரே 600 பேரை மே மாதத்திலிருந்து நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேட்டி எடுத்தார்கள். பிரசாரம் மனங்களைக் கூட்டம் கூட்டமாகப் புரட்டிப்போடும் என்ற எதிர்பார்ப்புக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. ஏறக்குறைய பாதிப் பேர் பிரசாரம் தொடங்கும் முன்பே முடிவெடுத்திருந்தார்கள். தயங்கி நின்றவர்களிலும் பலரை, அவர்கள் இயல்பாகச் சாய்ந்திருந்த பக்கத்துக்கே பிரசாரம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கட்சி மாறியவர்கள் சிறு பகுதிதான்.

எண்பது ஆண்டுகள் கழித்தும் அந்த முடிவு அதிகம் மாறவில்லை. ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் என்ற இருவர், அமெரிக்கத் தேர்தல்களில் நேரடியாக நடத்தப்பட்ட 49 கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். பொதுத்தேர்தலில் ஒரு வேட்பாளரிடமிருந்து இன்னொருவரிடம் வாக்காளரை இழுக்கும் விஷயத்தில், பிரசாரத் தொடர்புகளின் சராசரிப் பலன் பூஜ்யம் என்பதே அவர்களுடைய மதிப்பீடு. 2016 அதிபர் தேர்தலின்போது வேறொரு குழு 49 விளம்பரங்களை எடுத்து 59 சோதனைகளில் மக்களுக்குக் காட்டியது. வேட்பாளர் மீதான அபிப்பிராயம் ஐந்து புள்ளி அளவுகோலில் நகர்ந்தது சராசரியாக 0.05 புள்ளி. தாக்கும் விளம்பரமா, புகழும் விளம்பரமா, யார் பார்த்தார்கள் என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஏன் இவ்வளவு குறைவு? எல்லோருக்கும் தெரிந்த இரு பெரும் தலைவர்களைப் பற்றி வாக்காளரிடம் ஏற்கெனவே மலையளவு செய்திகள் குவிந்திருக்கின்றன. அதன் மேல் இன்னொரு கூடை மண்ணைக் கொட்டினால் மலை உயர்ந்தது தெரியாது. தவிர, இருதரப்பும் சமமாக இறைத்தால் ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும். பணம் அதிகம் செலவழித்தவர் ஜெயிப்பதுபோலத் தோன்றுவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஜெயிக்கப் போகிறவர் என்று தெரிந்தவரைத் தேடித்தான் பணமும் வருகிறது.

ஆனால் அம்மாவின் பேச்சில் இருக்கும் பாதி உண்மையை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு பக்கம் மட்டும் பேச, மறுபக்கம் வாய்திறக்க வழியில்லாத இடங்களில் விளம்பரம் கடுமையாக வேலை செய்கிறது. பிரேசிலில் தொலைக்காட்சியில் கட்சிகளுக்கு இலவச நேரம் ஒதுக்குகிறார்கள். ஆளுநர் தேர்தலின் முதல் சுற்றில் அந்த நேரம் வேட்பாளருக்கு வேட்பாளர் வேறுபடும். இரண்டாம் சுற்றில் மிஞ்சிய இருவருக்கும் சரிசமம். இந்த இயற்கையான வாய்ப்பைப் பயன்படுத்தி இரண்டு சுற்றுகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், தொலைக்காட்சி நேரத்துக்கும் வாக்குக்கும் வலுவான தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். அதேபோல, பெயரே கேள்விப்படாத வேட்பாளர்கள் நிற்கும் சிறிய தேர்தல்களில் ஒரு பெயர் பத்து முறை கண்ணில் படுவதே பெரிய பலம். அங்கே மலை இல்லை, வெறும் தரைதான், ஒரு கூடை மண்ணும் மேடாகத் தெரியும். நீங்கள் வாக்களித்த தேர்தலில் அந்த வேட்பாளர்களைப் பற்றி முன்பே எவ்வளவு தெரிந்து வைத்திருந்தீர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். அறிக்கைகளைப் படித்திருக்கிறீர்கள், சரி. வேட்பாளர்களை?

இனி 'கடைசிப் பத்து நாள்' என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்துக்கு வருகிறேன். அது தற்செயலாக நடந்ததில்லை. 2006 ஜனவரியில் டெக்சஸ் மாநில ஆளுநர் ரிக் பெரியின் மறுதேர்தல் பிரசாரக் குழு, அரசியல் அறிஞர்கள் சிலருக்கு அரிதான அனுமதி ஒன்றைக் கொடுத்தது. எந்தப் பகுதியில் எந்த வாரம் எவ்வளவு தொலைக்காட்சி விளம்பரம் போவது என்பதைக் குலுக்கல் முறையில் அவர்களே தீர்மானிக்கலாம் என்றது. கூடவே தினமும் தொலைபேசியில் மக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. விளம்பரம் ஓடிய வாரத்தில் ஆளுநருக்கு ஆதரவு நன்றாகவே எகிறியது. அடுத்தடுத்த வாரங்களில் அந்த ஆதரவு இருந்த இடம் தெரியவில்லை. விளம்பரத்தின் பலன் வெயிலில் வைத்த பனிக்கட்டி மாதிரி வேகமாகக் கரைகிறது என்பதை அந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. விளம்பரம் தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கரைவதற்கு நேரம் கொடுக்காமல் கடைசி நாட்களில் கொட்டுகிறார்கள். உங்கள் வாக்குப்பதிவு மூன்று வாரம் தள்ளிப் போயிருந்தால் அந்தக் காலடிச் சத்தம் உங்கள் காதில் கேட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போது உங்களுக்கு என்னதான் நடந்தது என்பதைப் பார்ப்போம்.

நீங்கள் வீட்டில் உட்கார்ந்து தயாரித்த வினாத்தாளில் இருந்த கேள்வி: பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் யார் நன்றாக நடத்துவார்கள்? அதற்கு நீங்கள் கண்டுபிடித்த விடை முதல் வேட்பாளர். இந்த விடையை விளம்பரம் தொடவே இல்லை. இன்று உங்களைக் கேட்டாலும் பள்ளி விஷயத்தில் அவர்தான் மேல் என்று சொல்வீர்கள். விளம்பரம் செய்தது வேறு. வாக்குச்சாவடி வாசலில் உங்கள் கையில் இருந்த வினாத்தாளை வாங்கிக்கொண்டு, 'இரவில் நீ பயமில்லாமல் நடக்க யார் வழி செய்வார்?' என்ற வேறொரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டது. அந்தத் தாளுக்கு நீங்கள் நேர்மையாகத்தான் விடை எழுதினீர்கள். கேள்வி மாறிப்போனதைத்தான் கவனிக்கவில்லை.

இதை எங்கள் துறையில் முன்தூண்டல் என்கிறோம். ஷாந்தோ ஐயங்காரும் டொனால்ட் கிண்டரும் 1980களில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். தொலைக்காட்சிச் செய்திகளை வெட்டி ஒட்டி, ஒரு குழுவுக்குப் பாதுகாப்புத் துறைச் செய்திகள் அதிகமாகவும் இன்னொரு குழுவுக்கு வேறு பிரச்சினைகள் அதிகமாகவும் சில நாட்கள் காட்டினார்கள். பிறகு அதிபரின் செயல்பாடு எப்படி என்று கேட்டபோது, எந்தக் குழு எந்தப் பிரச்சினையை அதிகம் பார்த்ததோ அந்தப் பிரச்சினையில் அவர் எப்படி என்பதை வைத்தே ஒட்டுமொத்தமாக அவரை எடைபோட்டது. எடை போட்டது மக்கள்தான், ஆனால் எந்தப் படிக்கல்லைத் தராசில் வைப்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

அச்சம் இதில் தனி ரகம். டெட் பிரேடர் என்ற ஆய்வாளர் 1998இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த ஒரு உட்கட்சித் தேர்தலின்போது விளம்பரங்களைத் தானே தயாரித்து மக்களுக்குக் காட்டினார். ஒரு விளம்பரத்தின் இரு வடிவங்களிலும் பேசும் வசனம் ஒன்றே. ஒன்றில் பின்னணி இசையையும் காட்சியையும் மட்டும் மாற்றினார். உற்சாகமூட்டும் இசையும் படங்களும் சேர்ந்தபோது மக்கள் தாங்கள் ஏற்கெனவே விரும்பியவரை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பதற்றமூட்டும் இசையும் படங்களும் சேர்ந்தபோது பழைய பிடிப்பு தளர்ந்து, கண்முன் இருக்கும் செய்தியை வைத்துப் புதிதாக முடிவெடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் கடிதத்தில் அந்த விளம்பரத்தின் வசனம் ஒரு வரிகூட இல்லை. இருட்டும் காலடிச் சத்தமும் மட்டுமே இருக்கின்றன. வசனம் மறந்துபோனதால்தான், அந்தக் கட்சி சொன்ன திட்டமும் உங்களுக்கு நினைவில்லை. அல்லது, அப்படியொரு திட்டமே அதில் சொல்லப்படாமலும் இருந்திருக்கலாம்.

விளம்பர உலகில் இதற்கு மூதாதை ஒன்று உண்டு. 1964 செப்டம்பர் 7 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில், மறுபடியும் போட்டியிட்ட அதிபர் லிண்டன் ஜான்சனின் பிரசாரக் குழு ஒரு நிமிட விளம்பரம் ஒன்றை ஒளிபரப்பியது. ஒரு சிறுமி பூவின் இதழ்களை எண்ணிக்கொண்டே பிய்க்கிறாள். அவள் குரல் மறைந்து ஓர் ஆண் குரல் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணுகிறது. அணுகுண்டு வெடிக்கிறது. எதிர் வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் ஓரிடத்திலும் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் அவர் அணு ஆயுதம் பற்றிப் பேசிய பேச்சுகள் மக்கள் மனதில் முன்பே கவலையை விதைத்திருந்தன. பணம் கட்டி அந்த விளம்பரத்தை ஒரே ஒரு முறைதான் காட்டினார்கள். மற்றதையெல்லாம் செய்தி நிகழ்ச்சிகளே திரும்பக் காட்டிச் செய்துவிட்டன. ஜான்சன் அதற்கு முன்பே நன்றாக முன்னணியில் இருந்தார் என்பதால், அந்த ஒரு நிமிடம்தான் அவரை வெற்றிபெறச் செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தேர்தல் எதைப் பற்றியது என்று மக்கள் நினைக்க வேண்டும் என்பதை அது சொல்லிவிட்டது.

தம்பியின் பேச்சுக்கு வருவோம். 'மற்றவர்களைப் பாதிக்கும், என்னைப் பாதிக்காது' என்ற எண்ணம் எவ்வளவு பரவலானது என்றால், 1983இல் பிலிப்ஸ் டேவிசன் என்ற சமூகவியலாளர் அதற்கு 'மூன்றாம் நபர் விளைவு' என்று பெயரே வைத்துவிட்டார். கருத்துக்கணிப்பில் 'விளம்பரம் உங்கள் முடிவைப் பாதித்ததா?' என்று நேரடியாகக் கேட்பதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கேள்விக்கு வரும் விடை பதில் சொல்பவரின் தன்மானத்தைப் பற்றித்தான் சொல்கிறது, வாக்கைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

தம்பி படித்தவர், விவரமானவர் என்றே வைத்துக்கொள்வோம். அது அவரை முழுக்கக் காப்பாற்றாது. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மைபோலத் தோன்றத் தொடங்கும் என்று 1977இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், சரியான விடை தெரிந்தவர்களுக்கும் இது நேர்கிறது என்று காட்டின. பழகிய ஒன்றைக் கேட்கும்போது மூளைக்கு உழைப்பு குறைகிறது, அந்த எளிமையை அது உண்மை என்று எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு ஆய்வு என்னை நெடுநாள் தூங்கவிடாமல் செய்தது. 2010 சுவீடன் பொதுத்தேர்தலுக்கு முன், வாக்காளர்களிடம் வரி, சுகாதாரம் போன்ற விஷயங்களில் கருத்தைக் காகிதத்தில் குறிக்கச் சொன்னார்கள். அவர்கள் அறியாமல் சில விடைகளை எதிர்ப்பக்கத்துக்குச் சாதகமாக மாற்றிவைத்து, 'நீங்கள் ஏன் இப்படிக் குறித்தீர்கள்?' என்று கேட்டார்கள். மாற்றப்பட்ட விடைகளில் கால்பங்குகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. மற்றவற்றுக்கு, தாங்கள் குறிக்கவே குறிக்காத விடைகளுக்கு, உரியவர்களே மனமார நியாயம் சொன்னார்கள். ஆக, 'நான் யோசித்துத்தான் போட்டேன்' என்று தம்பி சொல்லும் காரணங்கள் வாக்களித்த பிறகு பிறந்தவையாகவும் இருக்கலாம். அந்தக் காரணத்தை அவசரமாகத் தைத்துக்கொள்ளாமல், 'எனக்கு நினைவில்லை' என்று ஒப்புக்கொண்டு எழுதினீர்களே, அந்த நேர்மையை இழந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். விளம்பரத்தின் பெரிய வேலை பல சமயங்களில் வாக்கை மாற்றுவதில் நடப்பதில்லை, யார் வீட்டைவிட்டு வெளியே வருகிறார்கள் என்பதில் நடக்கிறது. அமெரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு எல்லைகளின் இருபுறமும் இருக்கும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதிபர் தேர்தல் விளம்பரங்களால் மொத்த வாக்குப்பதிவு கூடவோ குறையவோ இல்லை என்று கண்டது. ஆனால் எந்தக் கட்சி அதிகம் விளம்பரம் செய்ததோ அதன் ஆதரவாளர்கள் அதிகம் வந்தார்கள், எதிர்ப்பக்கத்தவர்கள் குறைந்தார்கள். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

'எல்லோரும் திருடர்கள்' என்று அலுத்துப்போய் வீட்டில் உட்காரும் நிலை உங்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்குள்ள பெரிய கவலை. தாக்கும் விளம்பரங்கள் பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2007இல் தொகுத்துப் பார்த்தபோது, அவை நன்றாக நினைவில் நிற்கின்றன, ஆனால் தாக்கியவருக்கு வாக்கு சேர்த்துத் தருவதாக நிலையான ஆதாரம் இல்லை என்றே தெரிந்தது. ஆட்சிமுறை மீதான நம்பிக்கையை மட்டும் அவை லேசாக அரிக்கின்றன.

சரி, அடுத்த முறை என்ன செய்வது?

வினாத்தாளை எழுதி வையுங்கள். நிஜமாகவே தாளில். பிரசாரம் தொடங்குவதற்கு முன்பு, எந்த இரண்டு மூன்று விஷயங்களை வைத்து முடிவெடுக்கப் போகிறீர்கள் என்று உங்கள் கையெழுத்தில் எழுதி, தேதி போட்டு மடித்து வையுங்கள். வேட்பாளரின் பெயரை எழுத வேண்டாம், கேள்விகளை மட்டும் எழுதுங்கள். வாக்களிக்கும் நாள் காலையில் அதை எடுத்துப் படித்துவிட்டுப் புறப்படுங்கள். புதிய கேள்வி ஒன்று மனதில் நுழைந்திருந்தால் அதை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் பாதுகாப்பு சின்ன விஷயமா என்ன? அதையும் தாளில் சேருங்கள். ஆனால் சேர்ப்பது நீங்களாக இருக்க வேண்டும். சேர்த்த பிறகு இரண்டு கட்சிகளையும் அதே கேள்வியைக் கேளுங்கள். விளம்பரம் செய்த கட்சிதான் அந்தக் கேள்விக்கு நல்ல விடை வைத்திருக்கிறது என்ற அவசியம் இல்லை. உங்கள் முதல் வேட்பாளரும் அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார், அதை யாரும் உங்கள் கைபேசிக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

ஒரு விளம்பரத்தைப் பார்த்து மனம் கலங்கினால், இன்னொரு முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு படத்தைப் பார்க்காமல் சொற்களை மட்டும் கேளுங்கள். இசையும் இருட்டும் போன பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் அவர்கள் சொல்ல வந்த செய்தி. விளம்பரத்திலிருந்து புதிய, சரிபார்க்கக்கூடிய ஒரு தகவல் கிடைத்து, அதனால் உங்கள் முடிவு மாறினால் அதற்காக வெட்கப்படாதீர்கள். அப்படி மாறுவதும் வாக்காளரின் கடமையில் சேர்ந்ததுதான்.

இன்றே செய்யக்கூடிய ஒரு காரியமும் இருக்கிறது. தம்பிக்கு அந்த இருட்டுத்தெரு விளம்பரம் வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். வந்திருக்காது என்பது என் ஊகம். வயது, பாலினம், இருப்பிடம் பார்த்து ஆளுக்கொரு விளம்பரம் அனுப்ப இப்போது வசதி இருக்கிறது. தொலைக்காட்சி விளம்பரத்தை எல்லோரும் பார்த்தார்கள், எதிர்க்கட்சி மறுத்துப் பேசியது, பத்திரிகை சரிபார்த்தது. உங்கள் ஒருவர் கைக்குள் வந்துபோன விளம்பரத்தை யார் மறுப்பது? ஃபேஸ்புக் 2018 முதல் அரசியல் விளம்பரங்களைத் தேடிப் பார்க்கும் தொகுப்பு ஒன்றை வைத்திருக்கிறது, கூகுளும் வைத்திருக்கிறது. அந்தக் கட்சியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். தம்பி வயதுப் பையன்களுக்கு எதை அனுப்பினார்கள், அம்மா வயதுப் பெண்களுக்கு எதை அனுப்பினார்கள் என்பதை மூன்று பேரும் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்துக்கு என் பதிலைவிட அது நல்ல தீர்ப்புச் சொல்லும்.

கடைசியாக, போட்டுவிட்ட வாக்கைப் பற்றி. அதைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் அது இன்னும் செலவாகித் தீர்ந்துவிடவில்லை. பாதுகாப்பைக் காட்டி உங்களிடம் வாக்கு வாங்கினார்கள். அந்தக் கட்சியின் அறிக்கையில் பெண்கள் பாதுகாப்புப் பகுதியை இந்த வாரமே எடுத்துப் படியுங்கள். அதில் தெருவிளக்கு, இரவுப் போக்குவரத்து, காவல் ரோந்து என்று ஏதாவது எழுதியிருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, உங்கள் தொகுதியில் வென்றவருக்கு, அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தெருவில் விளக்கு இல்லை, எத்தனை மணிக்குப் பிறகு நடக்க பயமாக இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் எழுதுங்கள். முதல் கடிதத்தின் நகலை அந்த மடித்து வைத்த தாளோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த தேர்தல் காலையில் இரண்டையும் ஒன்றாகப் பிரித்துப் படிக்கலாம்.